மண்திட்டில் உட்கார்ந்த ஆலா

ஓய்வுபெற்றவனிடம் பேனாவைக் கொடுப்பது ஆபத்தான காரியம். அது தெரிந்தும், வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதச் சொல்லித் தேன்மொழி கொடுத்துவிட்டாள். இன்றைக்கு அவர் உங்கள் குழுத் தலைவர். நீங்கள் 'மேடம்' என்று அழைக்கிறீர்கள், அழைக்கத்தான் வேண்டும். எனக்கு அவள், ஏனாத்தூரில் படிப்பை முடித்த கையோடு பெரிய தொப்பியும் புதுச் செருப்புமாக ஏரிக்கு வந்து, முதல் நாளே ஒற்றைச் செருப்பைச் சேற்றுக்குக் காணிக்கை கொடுத்த பெண். அதனால் இந்தக் கட்டுரை முழுக்க 'அவள்' என்றே எழுதப்போகிறேன். கோபித்துக்கொள்ளமாட்டாள்.

தொலைநோக்கியை எப்படி நிறுத்துவது, ஆயிரம் வாத்து கும்பலாக உட்கார்ந்திருந்தால் எப்படிக் கட்டம் பிரித்து எண்ணுவது என்பதையெல்லாம் அவளே உங்களுக்குக் கற்றுத் தருவாள், என்னைவிட நன்றாகவே. முப்பது வருஷத்துக்கு மேல் ஏரி ஏரியாக நீர்ப்பறவை எண்ணியவன் நான். யோசித்துப் பார்த்தால் உங்களுக்குக் கொடுக்க என்னிடம் உருப்படியாக இருப்பது ஒரு தப்புதான். அதற்காக என்னை யாரும் தண்டிக்கவில்லை, ஒரு மெமோகூட வரவில்லை. தண்டனை வேறொருவருக்குப் போனது. அதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் நம் குழுவின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நீங்களும் இப்போது அதைச் செய்கிறீர்கள், ஏன் என்று தெரியாமலே செய்வீர்கள். ஓர் இடத்தில் நின்று பறவையைப் பார்த்தால் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. அவரவர் நோட்டில் அவரவர் கண்டதை எழுத வேண்டும். பிறகு, இருப்பவர்களில் யார் வேலைக்குப் புதியவரோ அவர் முதலில் படிப்பார். அனுபவம் கூடியவர் கடைசியில்தான் படிப்பார்.

இந்த வழக்கம் வந்த கதை வேடிக்கையானது. நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது மாதம். எங்களுக்கு ஒரு தலைவர் இருந்தார். தன் பெயரை எதிலும் போடக் கூடாது என்பார், அதனால் இங்கேயும் போடவில்லை. தை மாதப் பனியில் நாங்கள் நான்கு பேர் கரையில் நின்றோம். தூரத்தில் வரிசையாக வாத்துகள். அவர் தொலைநோக்கி வழியே பார்த்துவிட்டு, "புள்ளிமூக்கு வாத்து, பன்னிரண்டு" என்று தனக்குத்தானே முணுமுணுத்தார். நாங்கள் மூன்று பேரும் பன்னிரண்டு என்று எழுதினோம். நான் ஒருபடி மேலே போய் 'பன்னிரண்டிலும் மூக்குப் புள்ளி தெளிவு' என்று குறிப்பும் எழுதினேன். கொஞ்ச நேரத்தில் காற்றடித்தது. பன்னிரண்டில் ஒன்று மட்டும் மெல்ல மிதந்து கரைக்கு வந்தது. பிளாஸ்டிக் குடம்.

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. என் நோட்டை வாங்கி அந்த மூக்குப் புள்ளிக் குறிப்பை இரண்டு முறை படித்தார். "நான் சொல்லாம இருந்தா நீ குடத்த பாத்திருப்ப. நான் சொன்னதால உனக்கு அதுக்கு மூக்கு தெரிஞ்சுது" என்றார். மறுநாளிலிருந்து இந்த வழக்கம். அவர் போன பிறகும் நாங்கள் விடவில்லை. தலைவர் பொறுப்பு எனக்கு வந்தபோது இன்னும் கறாராகவே வைத்துக்கொண்டேன்.

அந்தக் காலைகளை நினைத்தால் இப்போதும் மனசு ஏங்குகிறது. சின்ன காஞ்சிபுரத்திலிருந்து இருட்டு பிரிவதற்குள் வண்டியை எடுப்பேன். தெருவில் கோலம் போடுகிற பெண்கள் மட்டும் விழித்திருப்பார்கள். ஊரைத் தாண்டி பெங்களூர் சாலையில் ஏறினால் லாரிகளின் காற்று ஆளைத் தள்ளும். தாமல் ஏரிக்குப் போய்ச் சேரும்போது காது இரண்டும் மரத்திருக்கும். கரையில் ஏறி நின்றால் கண்ணுக்கு எட்டிய மட்டும் தண்ணீர். முதலில் எதுவும் தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும். நாமக்கோழிகள் ஒன்றையொன்று துரத்துகிற சலசலப்பு, எங்கோ முக்குளிப்பானின் நடுங்குகிற குரல். பனி விலக விலக ஏரி தன் ஆட்களை ஒவ்வொருவராக வெளியே காட்டும். அந்த முதல் பத்து நிமிடத்துக்காகவே நான் இந்த வேலையில் இத்தனை வருஷம் இருந்தேன் என்று நினைக்கிறேன்.

நம் வேலையில் பெரிய பறவைகள் தொல்லை தருவதில்லை. கூழைக்கடாவை யாரும் வேறெதுவாகவும் நினைக்கமாட்டார்கள். சின்னதும் வெள்ளையும் மண் நிறமும்தான் ஆளைக் கவிழ்க்கும். வெள்ளைக் கொக்கு என்று எழுதுவது சுலபம், எந்தக் கொக்கு என்று சொல்வதற்குள் கழுத்தும் காலும் அலகும் பார்க்க வேண்டும். உள்ளான்கள் பத்து வகை ஒரே சேற்றில் ஒரே நிறத்தில் ஓடும். பருவம் மாறும்போது அலகின் நிறம் மாறும், தலையின் நிறம் மாறும். மாசியில் பார்த்த பறவையைப் பங்குனியில் பார்த்தால் அதன் தம்பியோ என்று தோன்றும். இது எனக்குத் தெரியாததா? புதியவர்களுக்கு வருஷா வருஷம் நானே வகுப்பெடுத்தது இதைத்தான்.

இனி என் தப்புக்கு வருகிறேன்.

அது ஒரு பங்குனி மாதம். வைகாசி கடைசியில் எனக்கு ஓய்வு. இத்தனை வருஷத்தில் என் பெயர் சொல்ல ஒரு பதிவு கிடையாது. மற்ற குழுக்களில் இருந்தவர்கள் ஆளுக்கொரு அபூர்வப் பறவையை எங்காவது கண்டிருந்தார்கள். கூட்டங்களில் அதைப் பற்றிப் பேசுவார்கள், நான் கைதட்டுவேன். வெளியில் காட்டிக்கொள்ளவில்லை என்றாலும் அந்தக் குறை உள்ளே இருந்தது. உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது, நிறையவே இருந்தது.

அன்று மாலை நானும் தேன்மொழியும் மட்டும் தாமல் கரையில் இருந்தோம். அவள் வேலைக்கு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. தண்ணீர் வற்றத் தொடங்கியிருந்ததால் ஏரிக்குள் ஒரு மண்திட்டு வெளியே தெரிந்தது. சுற்றிலும் தண்ணீர், அதற்குக் கீழே முழங்கால் சேறு. திட்டின் மேல் ஒரு பறவை அமுங்கி உட்கார்ந்திருந்தது. தலையில் கறுப்புத் தொப்பி, உடம்பு வெளிர் சாம்பல், அலகு ஆரஞ்சு மஞ்சள். சாயும் வெயில் அதன் மேல் நேராக விழுந்துகொண்டிருந்தது.

நமக்கு இரண்டு வகை ஆலாப் பறவைகளைத் தெரியும். மீசை ஆலா குளிர்காலத்துக்கு வந்துபோகிற விருந்தாளி, நம் பக்கம் முட்டையிடாது. இருப்பதிலேயே சாதாரணம், ஒவ்வோர் ஏரியிலும் கூட்டமாகச் சுற்றும். ஊருக்குத் திரும்பும் சமயத்தில் தலை கறுத்து அலகு சிவந்துவிடும். இன்னொன்று ஆற்று ஆலா. ஆள் பெரியது, வால் நீளம், அலகு மஞ்சள். நடுத் தண்ணீரில் தனித்திருக்கும் மண்திட்டில் முட்டையிடும். தாமல் ஏரியில் அது கூடு வைத்ததாக எங்கள் பதிவேட்டில் ஒரு வரிகூடக் கிடையாது.

பார்த்த அந்த நொடியே, "ஆற்று ஆலாம்மா. அடை உக்காந்திருக்கு" என்று சொல்லிவிட்டேன். வாய்விட்டு, சத்தமாக.

தேன்மொழி நோட்டில் ஏற்கெனவே ஏதோ எழுதியிருந்தாள். நான் சொன்னதும் என்னைப் பார்த்தாள். பிறகு பென்சிலைத் திருப்பி, பின்னாலிருந்த ரப்பரால் அழித்துவிட்டு வேறு எழுதினாள். அழித்த தூளை ஊதிவிட்டதையும் பார்த்தேன். அப்போது என் மனதில் என்ன ஓடியது தெரியுமா? பரவாயில்லை, பெண் சீக்கிரம் கற்றுக்கொள்கிறாள் என்று சந்தோஷப்பட்டேன்.

பக்கத்தில் அளவு ஒப்பிட வேறு பறவை இல்லை. வால் மண்ணுக்குப் பின்னால் மறைந்திருந்தது, அதை என் மனசே நீளமாக வரைந்துகொண்டது. நான் பட்டுக்கடைகள் நிறைந்த ஊர்க்காரன். சாயங்கால வெயிலில் அரக்குச் சேலை ஆரஞ்சாகத் தெரியும் என்று எங்கள் தெருவில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். சிவந்த அலகு மஞ்சளாகத் தெரியலாமே என்று எனக்கு அந்த நேரத்தில் தோன்றவே இல்லை. தேன்மொழி கேமராவில் எடுத்த படமும் கானலில் அசைந்து ஒரு பஞ்சுத் துண்டு மாதிரிதான் வந்திருந்தது. "கிட்ட போய்ப் பாக்கலாமா சார்?" என்று கேட்டாள். "கூட்டுக்குக் கிட்ட போகக் கூடாது. பறவை எழுந்துட்டா வெயில்ல முட்டை கெட்டுடும்" என்றேன். அந்த விதி சரியான விதி. ஆனால் அன்றைக்கு நான் அதை எடுத்தது முட்டைக்காக மட்டும் இல்லை. யாரும் போய்ச் சரிபார்த்துவிடக் கூடாதே என்பதற்காகவும்தான்.

அன்றே எங்கள் அதிகாரிக்குப் போன் செய்தேன். நல்ல மனிதர், பறவை மேல் உண்மையான ஆசை உள்ளவர். குதூகலமாகிவிட்டார். "ரிட்டயர் ஆகுற நேரத்துல இதவிட என்ன வேணும் உங்களுக்கு? உங்க விழாவுலயே அறிவிச்சிடலாம்" என்றார். கூடவே ஒரு கேள்வியும் கேட்டார். தண்ணீர் இறங்கினால் திட்டு கரையோடு சேர்ந்துவிடுமே, நாய் போய்விடாதா? ஆமாம் சார், போய்விடும் என்றேன். அது உண்மைதான். அவர் யாரிடமோ பேசினார். மறுநாள் காலையில், வயல்களுக்கு முறை வைத்துத் தண்ணீர் விடுகிற நீர்க்கட்டி வந்து மதகை இறக்கி மூடிவிட்டார். பதினைந்து நாளைக்குப் பாசனத் தண்ணீர் கிடையாது.

இவ்வளவு பெரிய ஏரியில் மதகை மூடினால் ஊரே திரண்டு வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஏனென்றால் மேல்மடைக்காரர்களுக்குத் தண்ணீர் பாய்ந்து முடிந்திருந்தது, கதிர் பழுத்துக்கொண்டிருந்தது. கடைமடையில் பிந்தி நட்ட நாலைந்து பேருக்குத்தான் இன்னும் ஒரு தண்ணீர் தேவைப்பட்டது. அந்த நாலைந்து பேரில் சத்தம் போட்டால் எடுபடுகிற ஆள் யாரும் இல்லை. இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. தெரிந்துகொண்டு அல்லவா போன் செய்திருக்க வேண்டும்.

மூடி மூன்றாம் நாள் காலை பத்து மணிவாக்கில் கரை மேல் ஓர் அம்மாள் வேகமாக நடந்து வந்தார். ஐம்பது வயதிருக்கும். சேலையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகியிருந்தார், காலில் காய்ந்த சேறு. பெயர் முனியம்மா. கடைமடையில் அரை ஏக்கர். அவர் வீட்டில் தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் கழனியில் இறங்கியவர்கள். சொந்தம் என்று வந்த முதல் நிலம் அதுதான். மகன் ஒரகடத்தில் கம்பெனி வேலைக்குப் போகிறான், நிலத்தைப் பார்ப்பது இவர் மட்டுமே. இதையும் பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

"பறவ எண்றவரு நீதானாபா?" என்றார்.

"ஆமாம்மா."

"எனக்கு நேத்து மொற. மதகு மூடிக்கீதுன்றாங்க. நீர்க்கட்டிய கேட்டா உன்ன காட்றாரு. பயிரு பால் புடிக்கிற நேரம்பா. இப்ப ஒரு தண்ணி வுட்டா போதும், அப்புறம் நான் கேக்கமாட்டேன்."

நான் பொறுமையாக விளக்கினேன். அபூர்வமான பறவை, முதல் தடவையாக இந்த ஏரியில் முட்டையிட்டிருக்கிறது, பதினைந்து நாள் பொறுத்தால் குஞ்சு பொரித்துவிடும். தொலைநோக்கியைத் திருப்பி அவரையும் பார்க்க வைத்தேன். பார்த்தால் அவருக்கும் ஆசை வரும் என்று நினைத்தேன். முனியம்மா ஒரு கண்ணை மூடி நீண்ட நேரம் பார்த்தார். கானல் அலையில் அந்த வெள்ளைப் புள்ளி நடுங்கிக்கொண்டிருந்தது.

"அழகாதான் இருக்குது," என்றார். பிறகு கண்ணை எடுத்துவிட்டுக் கேட்டார்: "முட்டைய நீ பாத்தியாபா?"

"கிட்ட போகக் கூடாதும்மா."

"அப்ப பாக்கல."

 தேன்மொழி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என் பயிர நீ வந்து பாக்கலாம்பா. கிட்டயே போலாம், ஒண்ணும் ஆவாது," என்று சொல்லிவிட்டு முனியம்மா போய்விட்டார். கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நானும் இரண்டு வார்த்தை கத்தி மறந்திருப்பேன்.

அந்த 'அப்ப பாக்கல' என்னை விடவில்லை. சாப்பிடும்போதும் அதுதான். நான் எத்தனையோ புதியவர்களைக் கேட்ட கேள்வி அது, 'பார்த்தாயா, நினைத்தாயா?' என்று. மறுநாள் வெயில் ஏறுவதற்கு முன் பார்த்துவிடுவது என்று தேன்மொழியை வரச்சொன்னேன். கிழக்குக் கரைக்குப் போனோம், சூரியன் எங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி. கானல் இன்னும் எழவில்லை. திட்டு தொலைநோக்கியில் துல்லியமாக நின்றது.

திட்டின் மேல் ஒன்றல்ல, ஐந்து ஆலாக்கள் உட்கார்ந்திருந்தன. நான் அவசரப்படவில்லை. அவசரப்பட்டதெல்லாம் போதும் என்று இருந்தது. அரை மணி நேரம் கழித்து ஓர் ஆள்காட்டிக் குருவி எங்கிருந்தோ வந்து இறங்கி, அவற்றின் பக்கத்தில் நடந்தது. ஆள்காட்டியின் அளவு எனக்குக் கனவிலும் தெரியும். ஆற்று ஆலாவாக இருந்தால் அதைவிட நீளமாகத் தெரிய வேண்டும். இவை அதற்குப் பக்கத்தில் சின்னப் பிள்ளைகள் போல இருந்தன. ஒன்று எழுந்து சோம்பல் முறித்தது. வயிறு கருஞ்சாம்பல். தொப்பிக்குக் கீழே கன்னத்தில் வெள்ளைக் கோடு. அலகு நல்ல அரக்குச் சிவப்பு. மீசை ஆலா, சந்தேகத்துக்கு இடமே இல்லை.

பிறகு ஐந்தும் ஒன்றாக எழுந்து தண்ணீர் மேல் பறந்துபோயின. ஒரு மணி நேரம் காத்திருந்தோம், ஒன்றும் திரும்பவில்லை. அடையில் இருக்கிற எந்தப் பறவையும் அப்படித் திட்டைக் காலியாக விட்டுப் போகாது. காலை வெயிலில் திட்டு மொட்டையாகக் கிடந்தது. முட்டையும் இல்லை, கூடும் இல்லை. பயணம் போகிற பறவைகள் வழியில் இளைப்பாறிய இடம், அவ்வளவுதான்.

"அன்னைக்கு நீ முதல்ல என்ன எழுதின?" என்று தேன்மொழியைக் கேட்டேன்.

கொஞ்சம் தயங்கினாள். "மீசை ஆலா, ஓய்வுன்னு எழுதினேன் சார்."

"ஏன் சொல்லல?"

"நீங்க சொல்லிட்டீங்களே சார்."

அவள் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னாள்.  குடத்துக்கு மூக்கு பார்த்த பையன் வளர்ந்து, தலை நரைத்து, இன்னொரு பிள்ளையை அப்படிப் பார்க்க வைத்திருக்கிறான். அதுவும் தன் பெயருக்காக.

இப்போது நான் உங்களுக்குச் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். தப்பு எல்லோருக்கும் நேரும். ஆலாவைத் தப்பாகச் சொல்லாதவர் யாரும் இந்தத் தொழிலில் இல்லை. அடுத்த பத்து நிமிடத்தில் என்ன செய்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அதிகாரியிடம் சொல்லப் போனை எடுத்தேன். எண்ணை அழுத்துவதற்குள் எனக்கு ஒரு வழி தோன்றிவிட்டது. கூடு இருந்தது, கலைந்துவிட்டது என்று சொன்னால் போதும். பறவை போய்விட்டது சார், இனி தண்ணீர் திறக்கலாம். முனியம்மாவுக்குத் தண்ணீர் கிடைக்கும். தாமல் ஏரியில் ஆற்று ஆலா கூடு வைத்தது, ஆனால் பொரிக்கவில்லை என்று பதிவும் நிற்கும். விழாவில் என் பெயரையும் படிப்பார்கள். யாருக்கும் நஷ்டம் இல்லை. ஏரியில் கூடு கலைவது தினமும் நடப்பதுதானே, யார் கேட்கப்போகிறார்கள்? எவ்வளவு வசதியான பொய் பாருங்கள். பறவை பார்க்கிறவனுக்கு மட்டுமே தோன்றக்கூடிய பொய்.

"சார், அந்தத் திட்டுல இப்ப பறவை இல்ல சார்" என்று ஆரம்பித்தேன்.

"ஐயையோ. கலைஞ்சிடுச்சா?"

நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. அவரே மேலே பேசினார்.

"யாரு கலைச்சது? நேத்து ஒரு பொம்பள கரையில வந்து தகராறு பண்ணுதுன்னு கேள்விப்பட்டேன். அவளா? பேரு என்ன, சொல்லுங்க. விடக் கூடாது, இதுக்கெல்லாம் கேஸ் போட வழி இருக்கு."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. தேன்மொழி இரண்டடி தள்ளி நின்று தொலைநோக்கியின் முக்காலியை மடக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தியிருந்தாள். ஒருவருக்கும் நஷ்டமில்லாத பொய் என்று நான் நினைத்தது, ஒரு நொடியில் ஒரு பெயரைக் கேட்டு வந்து நிற்கிறது. முனியம்மா என்று நான் சொல்லக்கூட வேண்டாம். சும்மா இருந்தால் போதும், அவர்களே விசாரித்துக்கொள்வார்கள். தண்ணீருக்காக வந்து கேட்டவரின் தலையில், இல்லாத முட்டையை உடைத்த பழி விழும்.

"யாரும் கலைக்கல சார். கூடே கிடையாது. அது மீசை ஆலா. எனக்குத்தான் கண்ணு தப்பிடுச்சு. கூட இருந்த பொண்ணு சரியா எழுதிச்சு, நான் முந்திக்கிட்டு சொன்னதால அழிச்சிடுச்சு. இன்னைக்கே மதகத் திறக்கணும் சார்."

 அவர், "சரி. எழுதிக் குடுங்க" என்றார். குரலில் கோபம் இல்லை, ஏமாற்றம் இருந்தது. நான் சாலையோர டீக்கடையில் உட்கார்ந்து, கூடு என்று போட்ட பதிவைக் குறுக்கே அடித்துவிட்டு, நடந்ததை நடந்தபடி ஒன்றரைப் பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தேன்மொழியும் தன் நோட்டில் அழித்ததை மறுபடி எழுதினாள். ஒரு பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. உண்மையைச் சொல்லிவிட்டேன், வேலை முடிந்தது என்று நினைத்தேன். அந்த நிம்மதியோடே கதையை முடித்துக்கொள்ள எனக்கும் ஆசைதான்.

ஆனால் மதகை மூடுவதற்கு ஒரு போன் போதுமாக இருந்தது. திறப்பதற்கு ஒரு கடிதம், அதற்கு ஒரு பதில், நேரில் வந்து பார்க்க ஓர் ஆள், நடுவில் இரண்டு நாள் விடுமுறை. நான் தினமும் அலுவலகத்தில் போய் நின்றேன், கேட்டேன், கெஞ்சினேன். நடக்கிறபடிதான் நடந்தது. மதகு மூடிப் பதினோராம் நாள் தண்ணீர் விட்டார்கள். அது வாய்க்காலில் ஊர்ந்து கடைமடைக்குப் போய்ச் சேர இன்னும் ஒரு நாள் ஆனது. நெல்மணி பால் பிடிக்கிற பருவம் அதற்குள் தாண்டிவிட்டிருந்தது.

என் ஓய்வு விழாவில் எந்தப் பதிவையும் அறிவிக்கவில்லை. மாலை போட்டார்கள், நல்லபடியாகப் பேசினார்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை. அதற்கு முன்பே, சித்திரையில், முனியம்மா கதிர் அறுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டுக் களத்துக்குப் போயிருந்தேன். போகாமல் இருந்துவிடலாம் என்று இரண்டு நாள் யோசித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அவர் தனியாக நெல் தூற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முறத்தைக் கீழே வைத்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். நான் பார்த்தது தப்பு, கூடு இல்லை, என் ஆசையால் வந்தது, மன்னித்துவிடுங்கள் அம்மா. அதிகாரிக்கு என் தப்பை எழுதிக் கொடுத்துவிட்டேன், நோட்டிலும் அடித்துத் திருத்திவிட்டேன் என்பதையும் சொன்னேன். அதை ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அவர் என்னை நல்லவன் என்று சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்திருப்பேன்.

முனியம்மா குவியலிலிருந்து ஒரு கை நெல்லை அள்ளி, என் முகத்துக்கு எதிரே உள்ளங்கையை விரித்து ஊதினார். பாதிக்கு மேல் பறந்துபோனது. எல்லாம் சாவி, உள்ளே அரிசி கட்டாத வெறும் உமி.

"உன் நோட்டுல தப்ப அடிச்சிட்டு வேற எழுதிக்கின," என்றார். "என் கயனில எங்கபா அடிக்கிறது, எங்க எழுதுறது?"

  அவர் பதிலுக்காக நிற்கவில்லை. கோணியை எடுத்து உதறினார். "வந்தது வந்துட்ட. வாய கொஞ்சம் புடி" என்றார். நான் கோணியின் வாயை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தேன். அவர் முறம் முறமாக அள்ளிக் கொட்டினார். மூட்டை கட்டியதும் தலையில் ஏற்றிவிடச் சொன்னார். முழு மூட்டை நெல்லின் கனத்தை நினைத்து முக்கிப் பிடித்துத் தூக்கினேன். அவ்வளவு முக்கியிருக்க வேண்டியதில்லை.